அண்ணாச்சி, சரக்கு நல்லாத்தான் இருக்கு, தேதி எங்க?

நம்ம பக்கத்துல பலகாரம் போடுறவங்க, எண்ணெய் ஆட்டுறவங்க, பாக்கெட் போட்டு விக்கிறவங்க எல்லாருக்கும் பொதுவாத்தான் இத எழுதுறேன். யாரு பேரையும் இழுக்கப் போறதில்ல. ஏன்னா நான் சொல்லப்போற குறை ஒரு கடையோட குறை இல்ல, விருதுநகர்ல இருந்து திருநெல்வேலி, தூத்துக்குடி வரைக்கும் நான் வாங்கித் தின்ன சரக்குல பாதிக்கு மேல இதே கதைதான். ருசிக்கு மார்க் போடச் சொன்னா பத்துக்கு ஒம்போது கண்ண மூடிட்டுப் போடுவேன். பாக்கெட்டுக்கு, அதுல எழுதியிருக்கறதுக்கு, எழுதாம விட்டதுக்கு மார்க் போடச் சொன்னா பத்துக்கு ரெண்டு, அந்த ரெண்டும் அண்ணாச்சி முகத்துக்காக.

நான் ஒன்னும் பெரிய கம்பெனி சிப்ஸுக்கு வக்காலத்து வாங்குற ஆள் இல்ல. எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா தட்டுல சாத்தூர் சேவுதான் வரும், சென்னைல இருக்க தங்கச்சிக்கு யாராச்சும் ஆள் போனா கோவில்பட்டி கடலை மிட்டாய் ஒரு கட்டு போயிரும், காப்பிக்கு கருப்பட்டிதான். இப்படி வாங்கிட்டே இருக்கறவனுக்குத்தான எரிச்சல் வரும், வாங்காதவனுக்கு என்ன வந்துச்சு. எம்பொண்ணு எட்டாவது படிக்கிறா, எதத் தின்னக் குடுத்தாலும் பாக்கெட்டத் திருப்பி தேதி பாக்குறா, ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்களாம். நான் ஆசையா வாங்கிட்டு வந்த மிட்டாய முன்னாடி பின்னாடி பாத்துட்டு "அப்பா இதுல ஒன்னுமே போடலப்பா"ன்னு மேசைல வச்சிட்டு பிஸ்கட் பாக்கெட்ட எடுத்துட்டுப் போயிட்டா. அது உங்க நாளைக்கு கஸ்டமர் அண்ணாச்சி, போயிருச்சு.

சரி, தேதிக்கே வரேன். ஒரு கடலை மிட்டாய் பாக்கெட், பின்னாடி அழகா கலர்ல பிரிண்ட் போட்டிருக்கு, "பேக் செய்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் உபயோகிக்கவும்". ரொம்ப சந்தோஷம், பேக் செஞ்ச நாள் எது? "கவரின் மேல் பகுதியைப் பார்க்கவும்". மேல் பகுதியப் பாத்தா மிஷின்ல சீல் போட்ட சுருக்கம் தவிர ஒரு எழுத்து இல்ல. இன்னொருத்தர் பாக்கெட்ல ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தாங்க, வழவழன்னு இருக்க கவர்ல ஸ்டாம்ப் மை எங்க நிக்கும், கட்டைவிரல் பட்டதும் நாளும் மாசமும் என் விரல்ல ஒட்டிக்கிச்சு, வருஷம் மட்டும் கவர்ல நிக்குது. இதத் தேதி போட்ட கணக்குல சேக்க முடியாது.

இதுல என்ன பெரிய விஷயம், மிட்டாய்தானன்னு கேக்குறீங்க, கடைல ஒருத்தர் நேராவே கேட்டாரு. நிலக்கடலைல ஏறக்கொறைய பாதி எண்ணெய். வறுத்து தோல் உரிச்சப்புறம் காத்தும் வெளிச்சமும் சூடும் பட்டா அந்த எண்ணெய் கெட ஆரம்பிச்சிரும், சிக்கு வாடை வரும், நாக்குல ஒரு காறல் நிக்கும். வெல்லம் இன்னொரு பக்கம் ஈரத்த இழுத்து பிசுபிசுன்னு ஆக்கிரும். இது ரெண்டும் தெரிஞ்ச ஆளுங்கதான நீங்க, எங்களவிட உங்களுக்குத்தான நல்லாத் தெரியும். தெரிஞ்சுமே கண்ணாடி மாதிரி தெரியுற கவர்ல போட்டு பஸ் ஸ்டாண்ட் கடை வாசல்ல சரம் சரமா வெயில்ல தொங்கவிடக் குடுக்குறீங்க. சித்திரை வெயில்ல அது அங்க எத்தன நாள் தொங்குச்சுன்னு வாங்குறவனுக்கு எப்படித் தெரியும், அதச் சொல்றதுக்கு இருக்க ஒரே வழிதான் அந்த தேதி. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு, அதாவது இது இந்த ஊர்ச் சரக்குன்னு அரசாங்கம் தர்ற அங்கீகாரம், கிடைச்சப்போ எங்க பக்கம் எல்லாரும் போன்ல ஸ்டேட்டஸ் வச்சு கொண்டாடுனோம். கரிசக்காட்டுக் கடலை, வெல்லப்பாகு, கைப்பக்குவம்னு அம்புட்டுப் பெருமை. பெருமைக்கு ஒரு தேதி போட்டா கொறஞ்சா போயிரும்?

செலவுன்னு சொல்லாதீங்க. மிஷின் வாங்க வசதி இல்லன்னா அழியாத மார்க்கர் பேனா ஒன்னு பெட்டிக்கடைலயே கிடைக்கும், பேப்பர் ஸ்டிக்கர் ஒரு தாள் வாங்குனா எத்தனையோ பாக்கெட்டுக்கு வரும். எனக்கு இட்லிப் பொடி குடுக்குற மகளிர் குழு அக்கா ஒருத்தங்க வெறும் பால்பாயிண்ட் பேனால, ஸ்டிக்கர்ல "அரைச்சது" போட்டு தேதி, "அதுக்குள்ள முடிச்சிருங்க" போட்டு இன்னொரு தேதி, ஓரத்துல ஒரு நம்பர் எழுதுறாங்க. அந்த நம்பர் என்னக்கான்னு கேட்டேன், எந்த மூட்டை மிளகாய்ல அரைச்சதுன்னு கணக்காம். ஒரு தடவ மிளகாய் சரியில்லாமப் போயி அந்த நம்பர் போட்ட பாக்கெட்ட மட்டும் திருப்பி வாங்கிக்கிட்டாங்களாம், மிச்சத்தத் தொடவே இல்ல. பேட்ச் நம்பர்னு பெரிய கம்பெனிக்காரன் சொல்றது இதத்தான். அந்த அக்கா படிச்சது அஞ்சாங்கிளாஸ், இத எந்த ஆபீசரும் வந்து சொல்லித்தரல.

தேதி போடாதது ஒரு ரகம்னா, போட்ட தேதிக்கு மேல தேதி ஒட்டுறது இன்னொரு ரகம். இட்லி மாவு பாக்கெட் வாங்குனேன், ஸ்டிக்கர் கொஞ்சம் தடிப்பா இருந்துச்சு, நகத்தால நெம்புனா அடில இன்னொரு ஸ்டிக்கர், மூணு நாள் முந்தி தேதி. மாவு ஏற்கனவே புளிச்சு கவர் பலூனா உப்பியிருக்கு. கடைக்காரர்ட்ட காட்டுனா "கம்பெனில இருந்து அப்படித்தான் வருது தம்பி"ங்குறாரு, கம்பெனில கேட்டா "கடைல ஒட்டியிருப்பாங்க"ங்குறாங்க. ரெண்டு பேருல யாரோ ஒருத்தர் ஒட்டியிருக்கீங்க, பாவம் ஸ்டிக்கர் தானாப் போயி ஒட்டிக்கல. கோடைல மாவு ரெண்டு நாளைக்கு மேல தாங்காதுன்னா கொஞ்சமா அரைங்க, மிஞ்சுனா சாயங்காலம் பாதி விலைக்கு "இது நேத்து மாவு, தோசைக்கு ஆகும்"னு சொல்லிக் குடுங்க, நானே வாங்கிட்டுப் போவேன், புளிச்ச தோசை எங்க வீட்டுல எல்லாருக்கும் பிடிக்கும்.

அடுத்து எண்ணெய். சேவும் முறுக்கும் கடலெண்ணெய்ல போட்டது ஒரு காலம், இப்ப முக்காவாசி பேரு பாமாயில்தான், கட்டுப்படியாகலன்னு சொல்றீங்க, நியாயம்தான். நான் பாமாயில் கூடாதுன்னே சொல்லல. பாமாயில்னா பாமாயில்னு எழுதுங்க. "சமையல் எண்ணெய்"னு எழுதுனா என்ன அர்த்தம், சமைக்கிறதுக்குத்தான எல்லா எண்ணெயும், வண்டிக்கா ஊத்தப் போறோம். எந்த எண்ணெய்னு பேரு போடணும்னு விதிலயே இருக்கு. ஒருத்தர் பாக்கெட்ல முன்னாடி பெரிசா நிலக்கடலைச் செடி படம், பின்னாடி பொடி எழுத்துல "தாவர எண்ணெய்". அந்தப் படம் எதுக்குன்னு போன் போட்டுக் கேட்டேன், "டிசைன் பண்ண பையன் போட்டுட்டான் சார்"னாரு. டிசைன் பையன் மேல பழி போடுறது இந்தத் தொழில்ல ஒரு வழக்கமாவே ஆயிருச்சு.

திரும்பத் திரும்பக் காய்ச்சுற எண்ணெய் தனிக்கதை. பொரிச்ச எண்ணெய்ல கெட்டுப்போன சேர்மம் 25 சதவீதத்தத் தாண்டுனா அத உபயோகிக்கக் கூடாதுன்னு 2018 ஜூலைல இருந்தே விதி இருக்கு. அதே வருஷம் ஆகஸ்ட்ல, பழைய எண்ணெய வாங்கி பயோடீசல் ஆக்குறதுக்கு திட்டமும் கொண்டு வந்தாங்க, அதாவது ஊத்தியழிக்கிற எண்ணெய்க்கு காசு குடுத்து வாங்க ஆள் இருக்கு. அந்தக் கெட்ட சேர்மத்த அளக்க மீட்டர் உண்டு, எல்லா சின்னக் கடைலயும் அது இருக்கும்னு நான் எதிர்பாக்கல. ஆனா சட்டில எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, அடுப்ப மூட்டுனதுமே கண்ணு எரியுற அளவுக்கு புகை வந்தா அதுக்கு எதுக்கு மீட்டர்? வடைய எடுத்து அச்சடிச்ச பேப்பர்ல சுத்திக் குடுக்குறது அதுக்கு மேல. அந்த மை சாப்பாட்டுல சேரக் கூடாதுன்னு 2018 பேக்கிங் விதிலயே செய்தித்தாளத் தடை பண்ணியாச்சு, இன்னைக்கும் எங்க தெரு முக்குல ஆமைவடையோட முதுகுல தலைப்புச் செய்தி படிக்கலாம்.

செக்கு எண்ணெய் தம்பிகளுக்கு தனியா கொஞ்சம் சொல்லணும். மரச்செக்குன்னு போர்டு வச்சு கடைக்குள்ள செக்கு சும்மா நிக்குது, எண்ணெய் மட்டும் கேன்ல வந்து இறங்குது, இத நான் என் கண்ணால பாத்தேன். கணக்குப் போட்டாலே தெரிஞ்சிரும். ஒரு லிட்டர் கடலெண்ணெய் எடுக்க உரிச்ச நிலக்கடலை ரெண்டேகால்ல இருந்து ரெண்டரை கிலோ போகும், கடலை கிலோ நூறுக்கு மேல விக்கிற அன்னைக்கு அதுலயே எரநூத்தம்பது ஆச்சு, ஆட்டுக்கூலி, கரண்டு, பாட்டில் தனி, புண்ணாக்கு வித்து கொஞ்சம் திரும்பி வரும். இந்தக் கணக்குல நீங்க "செக்குல ஆட்டுனது, லிட்டர் நூத்தி எழுவது"ன்னா ஒன்னு நீங்க தர்ம சத்திரம் நடத்தணும், இல்ல அது செக்கு எண்ணெய் இல்ல. உண்மையாவே ஆட்டுறவங்க இந்தக் கணக்க கடைல ஒரு அட்டைல எழுதி மாட்டுங்க, விலை ஏன் கூடன்னு ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்லி மாளாம நிக்குறீங்கல்ல, அந்த அட்டை உங்களுக்காகப் பேசும்.

லிட்டர், கிலோ குழப்பமும் இங்கதான். எண்ணெய் தண்ணியவிட லேசு, ஒரு லிட்டர் எண்ணெய் எடை போட்டா 910 கிராம்தான் வரும். ஒரு கடைல கிலோ கணக்கு, பக்கத்துக் கடைல லிட்டர் கணக்கு, ரெண்டு பாட்டிலும் பாக்க ஒரே உயரம், ரெண்டும் விலை ஒன்னுன்னா லிட்டர்ல வாங்குறவன் தொண்ணூறு கிராம் விட்டுட்டுப் போறான். அளவும் எடையும் ரெண்டையும் பாட்டில்ல போட்டுருங்க, முடிஞ்சது. எடைன்னு வந்தாச்சு, இதையும் சொல்லிர்றேன், தீபாவளிக்கு ஸ்வீட்ட அட்டைப் பெட்டியோட சேத்து தராசுல வைக்காதீங்க. பெட்டிக்குத் தனியா காசு வேணும்னா வாங்கிக்கோங்க, ஆனா அட்டைய நெய் மைசூர்பாகு விலைக்கு என் தலைல கட்டாதீங்க. வாங்குறவங்களுக்கு ஒரு தகவல், எடை குறைஞ்சா நிறைய பேரு உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போன் பண்றாங்க, அது அவங்க வேலை இல்ல, நம்ம மாநிலத்துல அது தொழிலாளர் துறைல இருக்க முத்திரை ஆய்வாளர் பாக்குறது.

கருப்பட்டி. இதப் பத்தி எழுத ஆரம்பிச்சா ரத்தக்கொதிப்பு வந்துரும். பதநீர் எட்டு பத்து லிட்டர் காய்ச்சுனாத்தான் ஒரு கிலோ கருப்பட்டி தேறும், அதுவும் பங்குனி சித்திரைல இருந்து ஆடி வரைக்கும்தான் சீசன், பனை ஏற ஆள் கிடையாது, விறகு விலை ஒரு பக்கம். அப்ப உண்மையான சரக்கு விலை கூடத்தான் இருக்கும், குடுக்க நான் தயார். ஆனா சீனி கிலோ அம்பது ரூபாய்க்குள்ள கிடைக்கிறதால கொப்பரைல சீனிய அள்ளிக் கொட்டி சிரட்டைல ஊத்தி எடுத்து, அதையும் "ஒரிஜினல் உடன்குடி"ன்னு ஒரிஜினல் விலைக்கே விக்கிறாங்க பாருங்க, அதுதான் தாங்கல. உடைச்சா உள்ள கல்கண்டு மாதிரி மினுமினுக்குது, நாக்குல வச்சா பனை வாசமே இல்ல, வெறும் இனிப்பு. எங்க ஊர் சந்தைல ஒரு பெரியவர் விக்கிறாரு, ரெண்டு கூடை வச்சிருப்பாரு, "இது சுத்தம், இது சீனி போட்டது, பணியாரத்துக்கு இது போதும்"னு வாயத் திறந்து சொல்லுவாரு. அவர்ட்ட ரெண்டுமே விக்குது. சீனி கலந்தத சீனி கலந்ததுன்னு சொல்லி வித்தா யாரும் கல்லெடுத்து அடிக்கல, அத நீங்கதான் நம்ப மாட்டேங்கிறீங்க. உடன்குடி கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு இருக்கு, 2019ல ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு வந்துச்சு, 2023ல மணப்பாறை முறுக்குக்கு வந்துச்சு. அந்தப் பேரப் போட்டு யார் யாரோ எங்கெங்கயோ செஞ்சு விக்கிறாங்கன்னு புலம்புற நிஜமான ஊர்க்காரங்க, அனுமதி வாங்கி அந்த முத்திரைய உங்க பாக்கெட்ல பெரிசாப் போட்டா நாங்க எது நிஜம்னு கண்டுபிடிச்சுக்குவோம். நான் தேடிப் பாத்து வாங்குன பாக்கெட்டுல அது இருந்தது ரொம்ப கம்மி.

இதவிட மோசம் வைத்தியம் பாக்குற பாக்கெட்டுங்க. "நாட்டுச்சர்க்கரையில் செய்தது, சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்"னு லட்டு டப்பால அச்சடிச்சிருந்தத நம்பி எங்க அப்பா தினம் ரெண்டு சாப்பிட்டாரு, அடுத்த ரத்தப் பரிசோதனைல டாக்டர் எங்களத்தான் திட்டுனாரு. வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ, பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், கொஞ்சம் தாது உப்பு கூட இருக்கும், அவ்ளோதான். ருசிக்காக சாப்பிடுங்கன்னு சொல்லி வில்லுங்க, நல்லா இருக்கும், அத மருந்துங்காதீங்க. சிறுதானியமும் இதே கூத்துதான், 2023ல சிறுதானிய ஆண்டுன்னு உலகமே கொண்டாடுனதுல இருந்து எல்லாத்துக்கும் முன்னாடி கம்பு, வரகு, சாமை வந்துருச்சு. கம்பு நூடுல்ஸ்னு ஒன்னு வாங்குனேன், பச்சைக் கவர், கதிர் படம், பின்னாடி பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சா முதல்ல மைதா, அதுக்கப்புறம் கோதுமை, அதுக்கும் அப்புறம்தான் கம்பு, அதுவும் பதினஞ்சு சதவீதம். பொருள் பட்டியல்ல எது கூடவோ அதத்தான் முதல்ல எழுதணும்ங்கறது விதி, அத ஒழுங்கா எழுதியிருந்தாரு, அதுக்கு ஒரு மார்க். பேரு மட்டும் மைதா நூடுல்ஸ்னு வச்சிருக்கலாம்.

தூத்துக்குடி மக்ரூன் எனக்கு உயிர். முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சீனி, இந்த மூணுல இப்படி ஒரு பண்டம் செய்யுற கைக்கு கோயிலே கட்டலாம். ஆனா வெளியூர்ல பாக்கெட் போட்டு வித்த ஒரு மக்ரூன்ல பச்சைப் புள்ளி போட்டிருந்துச்சு. முட்டை சேத்தா நம்ம நாட்டு விதிப்படி அது அசைவக் குறி, இப்ப பழுப்பு முக்கோணம். எங்க மாடி வீட்டுல இருக்கவங்க சுத்த சைவம், பச்சைப் புள்ளியப் பாத்துட்டு அவங்க பாட்டி வாயில போடப் போனாங்க, நான் தடுத்தேன், இல்லன்னா அந்த வீட்டுல பெரிய ரகளை ஆயிருக்கும். முந்திரி ஒத்துக்காதவங்களும் இருக்காங்க, கடலை ஒத்துக்காத பிள்ளைங்களும் இருக்குதுங்க, பாக்கெட்ல இருக்க அந்தச் சின்னக் குறிய நம்பித்தான் தின்னுறாங்க.

பதினாலு இலக்க நம்பர் ஒன்னு பாக்கெட்ல இருக்கும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட நம்பர், 2ல ஆரம்பிச்சா சின்ன ஆளுங்க பதிவு, 1ல ஆரம்பிச்சா லைசென்ஸ். சந்தேகத்துக்கு ஒரு மிக்சர் பாக்கெட்ல எண்ணிப் பாத்தேன், பதிமூணுதான் இருக்கு. எண்ணத் தெரியாதவனுக்குன்னு அச்சடிச்சிருக்காங்க போல. சின்னத் தொழிலுக்கு பதிவு பண்றது ஆன்லைன்லயே முடியும், ஃபீஸும் பெரிய தொகை இல்ல, பொய்யா நம்பர் அடிக்கிற அச்சுக்கூலிக்கு உண்மையா ஒன்னு வாங்கிரலாம்.

வாட்ஸ்ஆப்ல, இன்ஸ்டாகிராம்ல விக்கிறவங்களுக்கு: விலையப் போடுங்க. "விலைக்கு மெசேஜ் பண்ணவும்"னா நான் அடுத்த ஆளப் பாத்துட்டுப் போயிருவேன், பாதிப் பேரு அப்படித்தான் போறாங்க. காசு போடுற வரைக்கும் "சொல்லுங்க சார், ஓகே சார்"னு நிமிஷத்துக்கு ஒரு பதில், போட்டப்புறம் ரெண்டு நீலக்கோடு மட்டும்தான் வருது. கூரியர்ல முறுக்கு அனுப்புறவங்க தயவு செஞ்சு ஒரு தடவ உங்க அக்கா வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ ஒரு பார்சல் அனுப்பி பிரிச்சுப் பாருங்க, என்ன ஆகுதுன்னு தெரியும். எனக்கு வந்த கை முறுக்கு கைல அள்ளுற மாதிரிதான் வந்துச்சு, மாவா. டப்பாக்குள்ள ஆட்டம் இல்லாம அடுக்கி, மேல ஒரு அட்டை வச்சா பாதி தப்பிக்கும். எண்ணெய் பாட்டில் மூடிக்கு உள் சீல் இல்லாம அனுப்புறவங்களப் பத்தி ஒன்னும் சொல்றதுக்கில்ல, அந்த பார்சல்ல கூட வந்த அப்பளக்கட்டு பொரிக்காமலே எண்ணெய்ல ஊறி வந்து சேந்துச்சு.

குறை சொன்னா நீங்க பேசுற பேச்சு இருக்கே. "எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க, உங்களுக்கு மட்டும்தான் சார்" ஒன்னு. "வீட்டுமுறை சார், அப்படி இப்படித்தான் இருக்கும்" இன்னொன்னு. வீட்டுல சிக்கு அடிச்ச சேவ பிள்ளைக்குக் குடுப்பீங்களா, கொட்டிருவீங்கல்ல, அப்ப அது எந்த வீட்டு முறை. எல்லாத்துக்கும் மேல "பெரிய கம்பெனிக்காரன்ட்ட இப்படிக் கேப்பீங்களா, எங்கள மாதிரி ஏழைபாழைட்டதான் சட்டம் பேசுவீங்க"ன்னு ஒன்னு. கேப்பேன் அண்ணாச்சி. 1915னு நுகர்வோர் நம்பர் இருக்கு, ஆணையத்தோட ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப் இருக்கு, பிஸ்கட்ல புழு இருந்தப்போ போட்டோ எடுத்துப் போட்டேன், கம்பெனில இருந்து கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு பேட்ச் நம்பர் கேட்டாங்க. உங்க மேல அங்க இதுவரைக்கும் ஒரு புகார் போட்டதில்ல, உங்கட்ட நேர்ல சொன்னா திருத்திக்குவீங்கன்னு ஒரு எண்ணம், அதுக்குத்தான் நீங்க எகிறுறீங்க.

ஜிஎஸ்டி கதையும் ஒன்னு இருக்கு. 2025 செப்டம்பர் 22ல இருந்து பாக்கெட் மிக்சர், முறுக்கு வகையறாவுக்கு 12ல இருந்து 5 ஆச்சு. விலை குறையுமான்னு கேட்டா "நாங்க அந்த வரில இல்ல சார், எங்களுக்கு வேற கணக்கு"ங்குறீங்க. ஒத்துக்கிறேன், சின்ன ஆளுங்க நிறைய பேருக்கு அப்படித்தான். ஆனா அதே அண்ணாச்சி முன்னாடி விலை ஏத்துனப்போ "ஜிஎஸ்டி சார், நாங்க என்ன பண்றது"ன்னாரு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

நல்லதும் சொல்லணும்ல. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல ஒரு சேவு கடை இருக்கு, பேரு போட்டா அவர் சங்கடப்படுவாரு, விட்டுர்றேன். கல்லாவுக்கு மேல ஒரு பள்ளிக்கூட சிலேட்டு தொங்கும், அதுல தினம் சாக்பீஸ்ல எழுதியிருக்கும், காரச்சேவு இன்னைக்கு போட்டது, சீரணி நேத்து, மிக்சர் முந்தாநாள், எண்ணெய் பாமாயில், எண்ணெய் மாத்துனது செவ்வாய். அவ்ளோதான். பாமாயில்னு வெளிப்படையா எழுதி வச்சிருக்காரு, சாயங்காலம் ஆனா கூட்டத்துல கை நுழைய இடம் இருக்காது. அவர்ட்ட எட்டிப் பாத்து "மிக்சர் வேணாம், அது முந்தாநாள்து, சேவு குடுங்க"ன்னு கேக்குறவங்க இருக்காங்க, அவரும் சிரிச்சுக்கிட்டே நிறுக்குறாரு, மறுநாள் மிக்சர் கம்மியாப் போடுறாரு. பாக்கெட் போடாம சில்லறைல நிறுத்துக் குடுக்குறவங்கட்ட நான் லேபிள் கேக்கல, இந்த சிலேட்டு போதும். 2020 அக்டோபர்ல இருந்து ஸ்வீட் கடைல தட்டுல வச்சு விக்கிற இனிப்புக்கே எந்தத் தேதி வரைக்கும் சாப்பிடலாம்னு எழுதி வைக்கணும்னு உத்தரவு இருக்கு, பெரிய பெரிய கண்ணாடி ஷோகேஸ் போட்ட ஸ்வீட் கடைல நான் அதத் தேடிப் பாத்துட்டேன், இந்த ஓட்டுக் கடைலதான் போட்ட நாளாச்சும் இருக்கு.

எங்க வீட்டுல ஆவணில ஒரு விசேஷம் இருக்கு. சீர் தட்டுக்கு சீடை, அதிரசம், முந்திரிக்கொத்து, மூணும் சேத்து ஆர்டர் குடுக்கணும், நூறு பாக்கெட் கிட்ட வரும். எந்த எண்ணெய், எந்த வெல்லம், போட்ட தேதி, கெடுற தேதி, எடை, இத ஒவ்வொரு பாக்கெட்லயும் எழுதித் தர்ற ஆளு நம்ம பக்கம் யாரு இருந்தாலும் அவங்களுக்குத்தான் ஆர்டர், கையெழுத்து கோழிக் கிறுக்கலா இருந்தாலும் பரவால்ல. விலை ரெண்டு ரூபா கூட இருந்தா பேரம் பேச மாட்டேன். அதிரசம் மட்டும் பாமாயில் வேணாம், அம்மா கண்டுபிடிச்சிரும்.